திறவாத கதவும் வாய் திறவாத வழக்கறிஞரும்

சட்டம் கொடியது என்று குறைகூறுவோர் நம்மிடையே பலர் உண்டு. அந்தச் சட்டமே காட்டிய இரக்கத்தைச் செயற்படவிடாமல் தடுத்து நிற்பவர் யார் என்று கேட்போர் மிகச் சிலர். போதைப்பொருள் வழக்குகளில் சிக்கிச் சிறைக்குள் மறைந்துபோகும் இளைஞர்களைப் பற்றிப் பேசும்போது நாம் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது கேள்வியையே. அதற்கு நான் காணும் விடை பலருக்கு உவப்பாயிராது. தடுத்து நிற்பவர்களுள் முதல்வர் அரசு வழக்கறிஞர். பேச வேண்டிய இடத்தில் பேசாதிருப்பதன் மூலமே அவர் தடுக்கிறார்.

சட்டத்திற்குள் இரு வாசல்கள்

நம் நாட்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் 1985-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. கடுமைக்குப் பெயர்பெற்ற சட்டம் அது. பெருமளவுச் சரக்குடன் பிடிபட்டவருக்குப் பத்தாண்டுக்குக் குறையாத சிறை. பிணை கிடைப்பது அரிதினும் அரிது. இவை செய்தித்தாள் படிக்கும் அனைவரும் அறிந்தவை. அதே சட்டத்தில் நோயாளிக்கென்று திறந்து வைத்த இரண்டு வாசல்கள் உண்டு என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

முதல் வாசல் 64-ஏ பிரிவு. போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ, சிறிய அளவில் வைத்திருந்தது போன்ற குற்றத்திற்காகவோ குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர், தாம் அதற்கு அடிமைப்பட்டவராயிருந்து, தாமே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்பளித்த மருத்துவமனையில் சிகிச்சை பெறுவாராயின், அவர்மீது வழக்குத் தொடுத்தல் ஆகாது என்று அப்பிரிவு கூறுகிறது. சிகிச்சையை முடிக்காமல் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம் என்றும் அது சேர்த்துச் சொல்கிறது.

இரண்டாம் வாசல் 39-ஆம் பிரிவு. இது குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பின்னர் திறப்பது. குற்றவாளியின் வயது, நடத்தை, உடல்நிலை, மனநிலை ஆகியவற்றைக் கருதி, தண்டனையை உடனே விதிக்காமல், அவருடைய சம்மதத்தோடு நீதிமன்றம் அவரைச் சிகிச்சைக்கு அனுப்பலாம். ஓராண்டுக்குள் சிகிச்சையின் விளைவு குறித்த அறிக்கை நீதிமன்றத்திற்கு வர வேண்டும். அறிக்கை நன்றாயிருப்பின், மூன்றாண்டுக்கு மேற்படாத காலத்திற்கு ஒரு பிணைப்பத்திரம் எழுதி வாங்கி, அறிவுரை கூறி விடுவிக்கலாம்.

சிறிய அளவு எதுவென்பதில் ஐயத்திற்கு இடமில்லை. ஹெராயின் 5 கிராம், சரஸ் 100 கிராம், கஞ்சா ஒரு கிலோ. வணிக அளவு என்பது ஹெராயினுக்கு 250 கிராம், கஞ்சாவுக்கு 20 கிலோ. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பாருங்கள். வியாபாரியையும் நோயாளியையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டிய கட்டாயம் எதையும் சட்டம் விதிக்கவில்லை.

அப்படியானால் அந்த வாசல்கள் வழியே எத்தனை பேர் வெளியே வந்தார்கள்?

பஞ்சாப் தரும் விடை

போதையால் மிகவும் சிதைவுற்ற மாநிலம் எது என்று கேட்டால் பஞ்சாபையே எவரும் சுட்டுவர். 2014-இல் அம்மாநிலக் காவல்துறை கைதுகளை அலையலையாக நடத்தியது. சிறைகள் நிரம்பி வழிந்தன. டெல்லியிலுள்ள விதி சட்டக் கொள்கை மையம் 2013 முதல் 2015 வரையிலான 13,350 வழக்குகளை ஆராய்ந்து 2018-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. போதைக்கு அடிமையானவர் எவ்வாறு குற்றவாளியாக்கப்படுகிறார் என்பதே அவ்வறிக்கையின் பொருள். அந்த மூன்றாண்டுகளில் பஞ்சாபின் சிறப்பு நீதிமன்றங்கள் சிகிச்சைக்கு அனுப்பி வைத்தவர்களின் எண்ணிக்கையையும் அது கூறியது.

அந்த எண்ணிக்கை பூச்சியம்.

பத்தல்ல, ஐந்தல்ல, ஒருவர்கூட இல்லை. 64-ஏ பிரிவின் பாதுகாப்பைக் கோரியவர்களும் இல்லை. நாட்டின் எந்த மூலையைக் காட்டிலும் அடிமைப்பட்டோர் மிகுந்திருந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு மாநிலத்தில், அடிமைப்பட்டோருக்கென்றே எழுதப்பட்ட இரண்டு பிரிவுகள் மூன்றாண்டுகள் தூசி படிந்து கிடந்தன.

காவலர் கைது செய்தார். அது அவர் வேலை என்பார். நீதிபதி முன்வைக்கப்பட்டதை விசாரித்தார். கேட்கப்படாததை எப்படித் தருவது என்பார். குற்றஞ்சாட்டப்பட்டவரோ, போதை இறங்கி உடல் முறுக்கி நடுங்கும் நிலையில் நிற்பவர். சட்டப் பிரிவுகளின் எண்களை அவர் எங்ஙனம் அறிவார்? அவருக்காகத் தோன்றும் வழக்கறிஞருக்கோ பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. எஞ்சி நிற்பவர் ஒருவரே. வழக்கின் கட்டு முழுவதும் அவர் கையில் இருக்கிறது. பிடிபட்டது எத்தனை கிராம் என்பதும், மருத்துவரின் குறிப்பு என்ன கூறுகிறது என்பதும் அவருக்குத் தெரியும். சட்டமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவரே அரசு வழக்கறிஞர்.

64-ஏ பிரிவின் சொற்களை மீண்டும் நோக்குங்கள். வழக்குத் தொடுத்தல் ஆகாது என்கிறது அது. வழக்கை நடத்துபவர் யார்? அரசு வழக்கறிஞர்தாமே? ஆகவே அப்பிரிவு முதலாவதாக அவரை நோக்கியே பேசுகிறது. தம்மிடம் பேசும் சட்டத்திற்குச் செவிகொடாதவர், பிறர் சட்டத்தை மீறினார் என்று குற்றஞ்சாட்டுவது எந்த வகை நியாயம்?

பணமுள்ளோர் அறிந்த பிரிவு

இப்பிரிவு யாருக்குமே பயன்படவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். மும்பையில் 2001-இல் கொக்கைன் வழக்கில் கைதான திரைப்பட நடிகர் ஒருவர், போதை மீட்புச் சிகிச்சை பெற்று, 2012-இல் இதே 64-ஏ பிரிவின்கீழ் வழக்கிலிருந்து விலக்குப் பெற்றார். அதைக் குறைகூற நமக்குக் காரணமில்லை. சட்டம் தரும் உரிமையை அவர் பெற்றார், அது முறையே. ஆயின் அவருக்குத் தேர்ந்த வழக்கறிஞர்கள் இருந்தனர். அந்தப் பிரிவைத் தேடி எடுத்து, மருத்துவமனைச் சான்றை இணைத்து, நீதிமன்றத்தின் முன்வைக்க ஆளிருந்தது.

துறைமுகத்தில் மூட்டை தூக்குபவருக்கும், பேருந்து நிலையத்தில் படுத்துறங்குபவருக்கும் அத்தகைய ஆள் யார்? அரசு அவருக்கு எதிராக ஒரு வழக்கறிஞரை நிறுத்துகிறது. அந்த அரசு வழக்கறிஞரும் பேசாவிடில், ஏழைக்கு அந்தப் பிரிவு அச்சடித்த தாளாகவே நின்றுவிடும். சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்பது அரசியல் சாசனத்தின் 14-ஆம் உறுப்பு. வாங்க வல்லோர்க்கு மட்டும் திறக்கும் வாசல் அச்சமத்துவத்தைக் கேலி செய்வதாகும்.

வழக்கறிஞரின் கடமை எது?

இங்கே ஒரு மறுப்பு எழும். குற்றவாளியைக் காப்பாற்றுவது எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் வேலை. அரசு வழக்கறிஞர் தண்டனை வாங்கித் தருபவர். அவரிடம் போய் இரக்கம் கேட்பது தவறான வாசலைத் தட்டுவதாகும் என்பார்கள்.

இக்கூற்று வழக்கத்தில் இருப்பது மெய், சட்டத்தில் இல்லை. 1999-இல் சிவ்குமார் எதிர் ஹுக்கம் சந்த் என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. எவ்வாறேனும் தண்டனை வாங்கிவிட வேண்டும் என்ற வேட்கை அரசு வழக்கறிஞருக்கு இருத்தலாகாது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு உரிய நியாயமான பயன் எதுவாயினும் அதை அவர் மறைக்கலாகாது. எதிர்த்தரப்பு அதைக் கவனியாது விட்டாலும் அரசு வழக்கறிஞரே அதை நீதிமன்றத்தின் பார்வைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 64-ஏ பிரிவைக் காட்டிலும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு உரிய நியாயமான பயன் வேறென்ன இருக்க முடியும்?

ஆனால் நடைமுறையில் அவரை அளக்கும் கோல் வேறாயிருக்கிறது. எத்தனை வழக்கில் தண்டனை கிடைத்தது என்பதே கேள்வி. மேலதிகாரியின் கூட்டத்தில் கேட்கப்படுவதும் அதுதான். செய்தித்தாளில் புகழப்படுவதும் அதுதான். ஐந்து கிராமுக்கும் குறைவாக வைத்திருந்த நோயாளி எளிதான இரை. பெரும்பாலும் தாமே ஒப்புக்கொள்வார். பெரும் வியாபாரியோ ஆண்டுக்கணக்கில் வழக்கை இழுத்தடிப்பார். எண்ணிக்கை வேண்டுவோர் எதை நாடுவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? ஒருவரைச் சிகிச்சைக்கு அனுப்பினால் அது எந்தப் பட்டியலிலும் வெற்றியாக எழுதப்படுவதில்லை. இந்தக் கோலை முறிக்காமல் தனிமனித நற்பண்பை மட்டும் எதிர்பார்ப்பது பயன் தராது.

சிறை செய்வது என்ன?

சிறையிலும் போதை இல்லையே, அங்கே தானாகத் தெளிந்துவிடுவான் என்று எண்ணும் பெற்றோரும் உண்டு. இந்த எண்ணம் பிழையானது மட்டுமன்று, உயிருக்கே ஊறானது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 30,237 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. விடுதலைக்குப் பின்வந்த முதல் இரு வாரங்களில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு, அதே மாநிலத்தின் பொதுமக்களைவிட ஏறத்தாழ 13 மடங்கு இருந்தது. போதைமருந்து அளவு மிஞ்சி இறக்கும் வாய்ப்போ 129 மடங்கு. காரணம் எளிது. சிறையில் மருந்து கிடைக்காத நாட்களில் உடல் தன் தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. ஏக்கமோ குறையவில்லை. வெளியே வந்தவன் பழைய அளவையே மீண்டும் எடுக்கிறான். அந்த அளவு இப்போது அவனைக் கொன்றுவிடுகிறது.

சட்டம் ஹெராயின் உட்கொண்டவருக்கு விதிக்கும் தண்டனை அதிக அளவாக ஓராண்டுச் சிறை. மரணத்தை எந்த நீதிபதியும் தீர்ப்பில் எழுதவில்லை. சிகிச்சையின்றி உள்ளே தள்ளிச் சிகிச்சையின்றி வெளியே விடும்போது, எழுதப்படாத அத்தண்டனையை நாமே நிறைவேற்றுகிறோம்.

புரூக்ளின் கற்பித்தது

அரசு வழக்கறிஞர் நினைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்குக் கடல் கடந்த ஒரு சான்று உண்டு. நியூயார்க் மாநிலம் 1973-இல், நெல்சன் ராக்ஃபெல்லர் ஆளுநராயிருந்த காலத்தில், மிகக் கடுமையான போதைச் சட்டங்களை இயற்றியது. இரண்டாம் முறை பெருங்குற்றத்தில் சிக்கியவருக்குச் சிறை கட்டாயம். நீதிபதிக்குக்கூட விலக்களிக்கும் உரிமை இல்லை. சிறைகள் நிறைந்தன, தெருக்களில் போதை குறையவில்லை.

இந்நிலையில் 1990-ஆம் ஆண்டு அக்டோபரில் புரூக்ளின் மாவட்ட அரசு வழக்கறிஞர் சார்லஸ் ஹைன்ஸ் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். போதைக்கு அடிமையாகி, அச்செலவுக்காகச் சிறிய அளவில் விற்றுப் பிடிபட்டு, கட்டாயச் சிறையை எதிர்நோக்கி நின்றவர்களை, வன்முறைக் குற்றம் இல்லாவிடில், ஒன்றேகால் முதல் இரண்டு ஆண்டு வரை தங்கிச் சிகிச்சை பெறும் இல்லங்களுக்கு அனுப்பினார். முடித்தால் வழக்கு இல்லை. பாதியில் ஓடினால் வழக்கு மீண்டும் உயிர்பெறும். 1998 முதல் முறை சற்று மாறியது. முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தண்டனை மட்டும் ஒத்திவைக்கப்படும். சிகிச்சை முடிந்தால் வழக்கு தள்ளுபடியாகும்.

விளைவு என்ன? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் போதை ஆய்வு மையம் 2003-இல் அறிக்கை தந்தது. சிகிச்சையை முடித்தவர்கள், அதே வகைக் குற்றத்திற்காகச் சிறை சென்று வந்தவர்களைவிட, இரண்டாண்டுகளுக்குள் மீண்டும் கைதாவது 33 விழுக்காடு குறைவாயிருந்தது. மீண்டும் சிறை செல்வது 87 விழுக்காடு குறைவாயிருந்தது. ஒருவருக்கான சிகிச்சைச் செலவு சராசரியாக 32,975 டாலர். அவரையே சிறையில் வைத்திருந்தால் 64,338 டாலர். இரக்கம் செலவு மிகுந்தது என்பாருக்கு இவ்வெண்கள் போதும்.

இத்திட்டத்தைத் தொடங்கியவரைப் புனிதர் வரிசையில் சேர்க்க வேண்டியதில்லை. அவர் 2013-இல் தேர்தலில் தோற்றார்; அவர் காலத்தில் பெறப்பட்ட பல தண்டனைகள் தவறானவை எனப் பின்னர் நீக்கப்பட்டன. அதுவே நமக்கு இன்னொரு பாடம். தண்டனை வேட்கை நிறைந்த ஓர் அலுவலகத்திலிருந்துகூட இவ்வாசலைத் திறக்க முடிந்தது. அப்படியாயின், நம் நாட்டு அரசு வழக்கறிஞரால் ஏன் முடியாது?

புரூக்ளினின் 1990-ஆம் ஆண்டு முறையையும் நம் 64-ஏ பிரிவையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: வழக்கை நிறுத்திவைத்துச் சிகிச்சை. 1998-ஆம் ஆண்டு முறையையும் நம் 39-ஆம் பிரிவையும் வைத்துப் பாருங்கள்: தண்டனையை நிறுத்திவைத்துச் சிகிச்சை. அங்கே சட்டத்தில் இல்லாததை ஓர் அரசு வழக்கறிஞர் தம் அதிகாரத்தைக் கொண்டு உண்டாக்கினார். இங்கே சட்டத்திலேயே இருப்பதை அரசு வழக்கறிஞர்கள் தம் மௌனத்தால் இல்லாமற் செய்கிறார்கள்.

எச்சரிக்கையும் வேண்டும்

இவ்வளவு சொன்னதால், எல்லாச் சாவிகளையும் அரசு வழக்கறிஞர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அதன் தீமையையும் நியூயார்க்கே காட்டியது. அவர் சம்மதித்தால் சிகிச்சை, மறுத்தால் சிறை என்றிருந்த நிலையில், ஒரு மாவட்டத்தில் கிடைத்த வாய்ப்பு அடுத்த மாவட்டத்தில் கிடைக்கவில்லை. ஆகவே 2009-இல் அம்மாநிலம் சட்டத்தைத் திருத்தி, அரசு வழக்கறிஞர் எதிர்த்தாலும் நீதிபதி சிகிச்சைக்கு அனுப்பலாம் என்றாக்கியது. போர்ச்சுகல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2001 ஜூலை முதல், பத்து நாள் பயன்பாட்டுக்கு மிகாத போதைப்பொருளைச் சொந்தத் தேவைக்கு வைத்திருப்பவரைக் குற்றவியல் நீதிமன்றத்திற்கே அனுப்பாமல், மூவர் கொண்ட ஒரு குழுவின் முன் அனுப்புகிறது.

எனவே அரசு வழக்கறிஞர் வாசலைச் சுட்டிக்காட்டட்டும். அதற்குக் காவல் நின்று தடுக்க வேண்டாம். எந்தச் சிகிச்சை, எத்தனை நாள், மருந்தா, ஆற்றுப்படுத்தலா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். சிகிச்சைக்கு விலையாகச் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி எவரையும் நெருக்கலாகாது. 64-ஏ பிரிவு அத்தகைய ஒப்புதலைக் கேட்கவில்லை என்பதே அதன் சிறப்பு.

மறுவாழ்வு மையம் என்ற பெயர்ப்பலகையின் பின்னே சங்கிலியும் பிரம்பும் வைத்திருப்போரும் நாட்டில் உண்டு. அத்தகைய இடத்திற்கு ஒருவரை அனுப்புவது சிறையைவிடக் கொடிது. மது, போதைப் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைக் கேடுகளையும் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தன் பாதுகாப்பின்கீழ் கொண்டுவந்துள்ளது. நோயாளியைச் சங்கிலியிடுவதை அது தடைசெய்கிறது. அரசு ஏற்பளித்த நிறுவனம் என்று போதைச் சட்டம் சொல்வதன் பொருளை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். சென்னையில் 1980 முதல் இயங்கிவரும் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம் போன்றவை, அடிமைப்பட்டவரை மனிதராக நடத்தியே மீட்க முடியும் என்பதை நெடுங்காலமாகக் காட்டி வருகின்றன.

மறுப்போருக்கு விடை

போதை விற்பவனெல்லாம் நோயாளி வேடம் போடுவானே என்பர். அளவு வரம்பும் மருத்துவப் பரிசோதனையும் எதற்கு இருக்கின்றன? இருநூற்றைம்பது கிராம் ஹெராயினோடு பிடிபட்டவர் எந்த வேடம் போட்டாலும் 64-ஏ பிரிவு அவருக்குத் திறக்காது.

சிகிச்சை பெற்றவரும் மீண்டும் விழுகிறாரே என்பர். விழுகிறார், மறுப்பதற்கில்லை. நீரிழிவு நோயாளியும் இரத்த அழுத்த நோயாளியும் மருந்தை விட்டு மீண்டும் படுக்கையில் விழுவதுண்டு. அதற்காக அவர்களுக்கு மருத்துவமனைக் கதவை அடைக்கிறோமா? சிறை சென்று வந்தவரும் விழுகிறார். அப்போது மட்டும் சிறை தோற்றுவிட்டது என்று எவரும் சொல்வதில்லை.

வற்புறுத்திக் கொடுக்கும் சிகிச்சை பலிக்காது என்பர். இதில் பாதி உண்மை உண்டு. உள்ளத்தில் சற்றும் விருப்பமில்லாதவரை எவரும் மாற்ற இயலாது. எனினும் தலைமேல் தொங்கும் வழக்கு, முதல் சில வாரங்களின் கொடுமையில் ஓடிவிடாமல் ஒருவரை நிறுத்திவைக்கும் என்பதைப் புரூக்ளின் காட்டியது. விருப்பம் பலருக்குச் சிகிச்சையின் நடுவிலேதான் பிறக்கிறது. நம் சட்டமும் இரண்டையும் இணைத்தே வைத்திருக்கிறது: சம்மதம் வேண்டும், விட்டுவிட்டால் வழக்கு திரும்பும்.

போதிய மருத்துவ இடங்கள் இல்லையே என்பர். இதுவொன்றே தக்க மறுப்பு. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வு, சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானோரில் ஏறத்தாழ இருபதில் ஒருவரே சிகிச்சை பெறுவதாகக் கூறியது. மதுவுக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவர். ஆயின் இக்குறை அரசினுடையது. அரசின் குறைக்காக நோயாளியைச் சிறையிலிடுவது எப்படி நியாயமாகும்? ஒவ்வொரு வழக்கிலும் அரசு வழக்கறிஞர் எழுந்து, இவருக்குச் சிகிச்சை தேவை, இடமில்லை என்று பதிவு செய்யட்டும். அப்பதிவுகள் ஆயிரக்கணக்கில் குவியும்போது எந்த அரசாலும் கண்மூடியிருக்க இயலாது. கேளாத வாய்க்கு எவரும் படைப்பதில்லை.

மதுவால் குற்றத்தில் விழுந்தவருக்கு இத்தகைய தனிப்பிரிவு இல்லை என்பதும் உண்மை. எனினும் 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின்கீழ், போதையை விலக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒருவரை நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் விடுவிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. குடித்துவிட்டுச் சண்டையிட்டு வழக்கில் சிக்கும் எண்ணற்ற குடும்பத் தலைவர்களுக்கு இது பயன்படும். இதைக் கேட்டுப் பெறவும் ஒரு வாய் தேவை.

நாம் கேட்க வேண்டியவை

புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. மாநிலந்தோறும் உள்ள வழக்குத் தொடர்பு இயக்குநரகம் பின்வருவனவற்றை ஆணையாக வெளியிட்டால் போதும். சிறிய அளவு சார்ந்த ஒவ்வொரு வழக்கிலும் அரசு வழக்கறிஞர் ஒரு குறிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும்: பிடிபட்டவர் அடிமைப்பட்டவரா என்று மருத்துவர் பார்த்தாரா? 64-ஏ பிரிவு அவருக்குத் தாய்மொழியில் விளக்கப்பட்டதா? அவர் என்ன கூறினார்? ஏற்பளிக்கப்பட்ட சிகிச்சை நிறுவனங்களின் பட்டியல் ஒவ்வொரு நீதிமன்றத்திலும் தொங்க வேண்டும். சிகிச்சைக்கு அனுப்பி வெற்றி கண்ட வழக்கும் அரசு வழக்கறிஞரின் பணிப் பதிவில் வெற்றியாகவே எழுதப்பட வேண்டும்.

நமக்கும் இதில் பங்குண்டு. நம்மில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், அரசு வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். மருத்துவர்கள், சிறைக்குச் சென்று கைதிகளைச் சந்திப்போர், நீதிமன்ற எழுத்தர்கள் இருக்கிறார்கள். மகன் பிடிபட்டான் என்றதும் மானத்திற்கு அஞ்சி வாய்மூடும் பெற்றோரும் இருக்கிறார்கள். சிறைக்குப் போகும்போது பழமும் ரொட்டியும் கொண்டு போவது நல்லதே. கூடவே 64-ஏ என்னும் எண்ணையும் 39 என்னும் எண்ணையும் கொண்டு போங்கள். சிறையிலிருப்பவர் அதைத் தாமே கேட்க முடியாவிடில், அவர் பெயரால் ஒரு மனு எழுதுங்கள். அந்த மனுவை அரசு வழக்கறிஞர் மேசையில் வையுங்கள். அவர் பதில் சொல்லும்வரை விடாதீர்கள்.

குற்றத்தைக் கண்டு சினங்கொள்ள நமக்கு உரிமையுண்டு. சட்டம் நோயாளிக்கென்று எழுதி வைத்ததை நோயாளியிடமிருந்து மறைக்க எவருக்கும் உரிமையில்லை, அரசின் பெயரால் பேசுபவருக்கோ அறவே இல்லை. மூன்றாண்டுகளும் 13,350 வழக்குகளும் பூச்சியமும் கொண்ட அந்தக் கணக்கைப் பஞ்சாபின் கணக்கென்று நாம் ஒதுக்கிவிடலாம். ஒதுக்குமுன், நம் மாவட்ட நீதிமன்றத்தின் கணக்கு என்ன என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.